நிரவல்

சிலோயே தீவில்
வருடத்தில் முந்நூறு நாள் மழை.
மீதி நாட்களில் தூறல்.
காஸ்த்ரோ வானொலி நிலையத்தின் இரும்பு அலமாரியில்
என் பொறுப்பில் ஒரு பெட்டி.

அதற்கு ஒரே வேலை:
உரத்ததை அமுக்கு, மெலிந்ததைத் தூக்கு.
பாதிரியார் கத்தினாலும்
பால் கூட்டுறவின் செயலாளர் முணுமுணுத்தாலும்
சுற்றியுள்ள தீவுகளுக்கு
ஒரே உயரத்தில் போய்ச் சேர வேண்டும்.

அமுக்க ஐம்பது மில்லி வினாடி.
தூக்க நாலு வினாடி.
அடிப்பதில் அவசரம், அணைப்பதில் நிதானம்
என்று நான் சொன்னால்
எதெல்மிரா சிரிக்க மாட்டாள்.
"என் குரலை இஸ்திரி போடுகிறது உன் பெட்டி" என்பாள்.

பன்னிரண்டரை மணிக்குத் துண்டுச் சீட்டுகள்.
முன்கூட்டிப் படித்துப் பார்ப்பதில்லை அவள்.
படித்தால் குரலுக்கு முன்பே தெரிந்துவிடுமாம்.

கெவுய் தீவு, மான்சியா குடும்பத்துக்கு:
அறுவை நல்லபடி முடிந்தது.
அம்மாவின் பல் செட்டை அடுத்த படகில் அனுப்பவும்.

மெச்சூக்கே, தோன் ருதெசிந்தோவுக்கு:
பன்றிக்கு விலை படியவில்லை.
அதையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறேன்.

துறைமுக அலுவலகத்திலிருந்து:
ஆறு நாளாக நடந்த தேடல் இன்று காலை நிறுத்தப்பட்டது.
படகில் இருந்தவர்கள்
எலியாசர் பாரியா,
அவர் மகன் ஓமர்,

அப்புறம் அவள் பேசவில்லை.

சீட்டுகளை அடுக்கியவன் நான்தான்.
அடியில் இருந்ததைப் புரட்டிப் பார்க்கவில்லை.

மௌனம் என்று ஒன்று இருப்பது
பெட்டிக்குத் தெரியாது.
அதன் கணக்கில் அது
மிக மிகச் சின்னதொரு சத்தம்.
பாவம், தூக்கிவிட வேண்டும்.

மூன்று டெசிபல்.
தகரக் கூரையில் மழை வந்தது.
ஆறு.
அடுப்பில் ஈர விறகு சீறியது.
ஒன்பது.
ஆணியில் தொங்கிய அவள் கம்பளிக் கோட்டிலிருந்து
சொட்டு. சொட்டு.
பன்னிரண்டு.
நாற்காலியின் மூட்டு.
உதடு உதட்டிலிருந்து பிரியும் ஒலி.
மூக்கின் வழியே
உள்ளே போன ஒரு மூச்சு,
வெளியே வராமல்.

என் கை ஃபேடரின் மேல் இருந்தது.
இசைத்தட்டும் தயாராய் இருந்தது.
இறக்கவில்லை.
ஏன் என்று மேலாளர் கேட்டார்,
எழுத்து மூலமாக.

அவள் மெல்லத்தான் சொன்னாள்.
தூங்குகிற ஒருவனை எழுப்ப மனமில்லாமல்
கூப்பிடுவது போல.
ஆனால் பெட்டி
கதவை முழுக்கத் திறந்து வைத்திருந்தது.
"நொல்" என்று
அத்தனை தீவுகளிலும் வெடித்தது தம்பியின் பெயர்.
மறுகணமே அமுக்கிவிட்டது.
"பெர்த்தோ கார்கமோ"
வானிலை அறிக்கையின் குரலில்,
மடிப்புக் கலையாமல்.

அந்த ஐம்பது மில்லி வினாடி மட்டும்
இஸ்திரிக்கு அகப்படவில்லை.

வியாழக்கிழமை கெவுயிலிருந்து ஒருத்தி
உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்தாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலியாய் இருந்த நாற்காலியை
வெகுநேரம் பார்த்தாள்.
"உங்கள் அறையிலும் மழை பெய்துகொண்டிருந்தது" என்றாள்.
மூட்டையை வைத்துவிட்டுப் போனாள்.

பெட்டியின் பின்புறம்
ஒரு சின்னத் திருகு உண்டு.
இந்த அளவுக்குக் கீழே போனால்
தூக்காதே, நின்ற இடத்தில் நில் என்று
சொல்லிவைக்கலாம்.
பல வருடம் நான் தொடாத திருகு.

திருகிவிட்டுச் சோதிக்க
மைக்கின் முன்னால் மௌனமாய் இருக்க ஓர் ஆள் வேண்டும்.
வேறு யாரும் இல்லை.
நானே போய் உட்கார்ந்தேன்.
முள் அசையவில்லை.
அப்படியும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தாள்.
கோட்டை ஆணியில் மாட்டினாள்.
"அதை என்ன செய்தாய்?"
"சும்மா இருக்கும்போது
சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறேன்."
தலையாட்டினாளா, இல்லை
ஹெட்போனைச் சரிசெய்தாளா, தெரியவில்லை.

சீட்டுகளை ஒவ்வொன்றாய்ப் படித்துப் பார்த்துத்தான்
அடுக்கிக் கொடுத்தேன்.
அவள் மேலே இருந்ததை எடுத்தாள்.

கெவுய் தீவு, மான்சியா குடும்பத்துக்கு:
பல் செட் வந்து சேர்ந்தது.
மேல் வரிசை மட்டும்.
கீழ் வரிசையையும் தேடி அனுப்பவும்.